‘கீழ்ப்பக்கம் ஒரு பிரச்சினை’ என்று சொல்லித் தயங்கி நிற்பவர்களுக்காக ஒரு திறந்த மடல்

வடமாகாணச் சுகாதாரத் துறையினருக்கும், யாழ்ப்பாணத்து வைத்தியர்கள், தாதியர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். சேவைக் காலத்தில் பெரும்பகுதி சத்திரசிகிச்சை விடுதிகளில் போனது. போர் முடிந்த பிறகு சில வருசம் வன்னியில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்தேன். ஓய்வுபெற்ற பிறகும் அயலட்டையில் ஆருக்காவது பிரசர் பார்க்கவோ காயத்துக்கு மருந்து கட்டவோ கூப்பிடுவார்கள். கூப்பிட்ட வேலை முடிந்து கேற்றடிக்கு வரும்போதுதான் பலர் உண்மையான கேள்வியைக் கேட்பார்கள். “மிஸ், கீழ்ப்பக்கம் ஒரு சின்னப் பிரச்சினை...” அதற்கு மேல் வார்த்தை வராது. அந்த இடத்தில் வார்த்தை வராமல் போவதால் எனக்குத் தெரிந்த சிலர் குடலை இழந்திருக்கிறார்கள், ஒருவர் உயிரையே இழக்கப் பார்த்தார். அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது பாலின்பத்துக்கென்று செய்யப்பட்ட இயந்திரக் கருவிகளைப் பற்றி. வைபிரேற்றர் என்கிறார்கள், மசாஜ் மெஷின் என்கிறார்கள், பெரும்பாலும் ‘அந்தச் சாமான்’ என்கிறார்கள். இவை இங்கே இல்லை என்று யாராவது நினைத்தால், அவர்கள் போனைத் திறந்து பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். பெயர் போடாத பெட்டியில், உள்ளே துண்டுப் பிரசுரம்கூட இல்லாமல், வீட்டு வாசலுக்கு வந்து சேருகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வருகிறார்கள். இதைச் சட்டம் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது வேறு வழக்கு. எங்கள் ஆபாசப் பிரசுரங்கள் கட்டளைச் சட்டம் 1927ஆம் ஆண்டுக்குரியது. அதைத் திருத்துவதா வைத்திருப்பதா என்று சட்டத்தரணிகள் பேசட்டும். எனக்கு முன்னால் வந்து நின்றது நோயாளி.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊரும் வருசமும் வைத்தியசாலையும் வேண்டாம். நாற்பதைத் தாண்டிய மனிதர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். வெள்ளிக்கிழமை இரவு அந்தச் சாமான் பின்பக்கத்தால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது, திங்கட்கிழமை மத்தியானம்தான் எங்களிடம் வந்தார். முதலில் ‘வயிற்றுக்குத்து’ என்று மட்டும் சொன்னார். கைவைத்துப் பார்த்தால் வயிறு பலகை மாதிரி. காய்ச்சல் 102. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்த சிற்றூழியர் அதை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார், அவர்கள் வேறு ஆட்களைக் கூப்பிட்டார்கள். மோட்டாரும் இரண்டு பற்றரியும் படத்தில் அச்சாகத் தெரிந்தன. பயிற்சி மாணவர் ஒருவர் போனை எடுத்துப் படம் பிடிக்க வந்தார், நான் கையைத் தட்டிவிட்டேன். மற்றவர்களின் சிரிப்பை என்னால் நிற்பாட்ட முடியவில்லை. கட்டிலில் கிடந்தவர் சுவரைப் பார்த்துக் கொண்டு கிடந்தார்.

சத்திரசிகிச்சையில் திறந்து பார்த்தபோது குடல் ஓட்டையாகி இருந்தது. மலம் போக வயிற்றில் பை வைத்துத்தான் வெளியே வந்தார். மயக்கம் தெளிந்ததும் என் கையைப் பிடித்து அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “மிஸ், மனிசிக்கு என்னெண்டு சொல்லப்போறியள்?” குடலில் ஓட்டை, அது ஏன் வந்தது என்பதை அவர் சொன்னால்தான் உண்டு, நாங்கள் சொல்லமாட்டோம் என்றேன். பையை எடுத்துக் குடலைப் பொருத்தக் குறித்த திகதிக்கு அவர் வரவில்லை. வேறு மாவட்டத்துக்குப் போய்ச் செய்துகொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வாட்டுக்குள் மறுபடி காலெடுத்து வைக்க அவரால் முடியவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பொறுப்பானவர்களில் நானும் ஒருத்தி என்றே இன்றுவரை நினைக்கிறேன், ஏனென்றால் அந்த விடுதிக்கு அன்றைக்குப் பொறுப்பாக நின்றவள் நான்.

வெள்ளிக்கிழமை இரவே வந்திருந்தால் பெரும்பாலும் ஒரு சின்ன மயக்க மருந்தோடு, வயிற்றைக் கீறாமலே எடுத்திருக்கலாம். அவர் வீட்டில் செய்தது என்ன? பேதி மருந்து குடித்தார். எனிமா வைத்தார். கரண்டிக் காம்பால் தோண்டிப் பார்த்தார். மூன்றும் செய்யக்கூடாதவை. பேதி மருந்து குடலைப் பிசைந்து பொருளின் மேல் அமத்தும். தோண்டத் தோண்டப் பொருள் மேலே போகும், குடல் சுவர் வீங்கும், வீங்கினால் இன்னும் இறுகும்.

இது ஏன் நடக்கிறது என்பதைப் பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்திலேயே சொல்லிவிடலாம். யோனி ஒரு மூடிய பை. அதன் முடிவில் கருப்பைக் கழுத்து இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் ‘வயிற்றுக்குள் போய்த் தொலைந்துவிடாது’. பயந்து அழுதுகொண்டு வருகிற பெண்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள், பாதிப் பயம் அங்கேயே போய்விடும். மலக்குடல் அப்படியில்லை. வாசலில் இறுகிச் சுருங்குகிற தசை வளையம், அதற்கு மேலே மீற்றர் கணக்கில் திறந்த குடல். உள்ளே போனதைத் தசை பிடித்து மேலே தள்ளிவிடும். அதனால்தான் அந்த இடத்துக்கென்று செய்யப்படுகிற கருவிகளுக்கு அடி அகலமாக, விரிந்து இருக்க வேண்டும் என்கிறார்கள். போத்தல், மெழுகுதிரி, சின்ன டோர்ச் என்று கையில் அகப்பட்டதைப் பாவிப்பவர்களும் இங்கே உண்டு. விடுதிக்கு வந்தவர்களில் அவர்கள்தான் அதிகம். கண்ணாடிப் போத்தல் உள்ளே வெற்றிடத்தால் குடல் சுவரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், உடைந்தால் வெட்டும்.

இந்த ஆபத்துக்கு உலகம் கண்ணைத் திறந்ததே பிந்தித்தான். சர்வதேசத் தரநிர்ணய நிறுவனம் இந்தக் கருவிகளுக்கான முதலாவது பாதுகாப்புத் தரத்தை, ஐ.எஸ்.ஓ. 3533 என்ற இலக்கத்தில், 2021 இல்தான் வெளியிட்டது. உடம்பில் படும் பொருள் என்ன, அதிர்வு எவ்வளவு, உள்ளே மாட்டிக்கொள்ளாத வடிவம் எது, பெட்டியில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. பால்போத்தலுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் எத்தனையோ வருசத்துக்கு முன்னரே தரம் வைத்துவிட்டார்கள். இதற்கு ஏன் இவ்வளவு காலம்? கருவி நெடுகவும் வேறு பெயரில்தான் விற்கப்பட்டது, அதனால்தான்.

அந்தக் கதையை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழையான கதை ஒன்றை நானே பல வருசம் பயிற்சித் தாதியருக்குச் சொல்லியிருக்கிறேன். விக்டோரியா மகாராணி காலத்து வைத்தியர்கள் ‘ஹிஸ்டீரியா’ என்ற நரம்பு நோய் என்று வந்த பெண்களுக்குப் பிறப்புறுப்பைக் கையால் பிடித்துவிட்டுச் சிகிச்சை செய்து கை உளைந்துபோய், அதற்காகவே வைபிரேற்றரைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் அந்தக் கதை. தமிழில் எத்தனையோ காணொளிகளில் இன்றைக்கும் ஓடுகிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரேச்சல் மெய்ன்ஸ் 1999 இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் அது உலகம் முழுக்கப் பரவியது. 2018 இல் ஹாலி லீபர்மன், எரிக் ஷாட்ஸ்பேர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் புத்தகம் காட்டிய பழைய மூலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். வைத்தியர்கள் அப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஒரு மூலத்திலும் ஆதாரம் இல்லை என்று கண்டார்கள். தான் சொன்னது ஒரு கருதுகோள்தான் என்று மெய்ன்ஸும் சொல்லியிருந்தார்.

நடந்தது வேறு. ஜோசப் மோர்ட்டிமர் கிரான்வில் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1880களின் தொடக்கத்தில் மின்சாரத்தில் ஓடும் சுத்தியல் போன்ற ஓர் அதிர்வுக் கருவியைச் செய்தார். நரம்பு வலிக்கும் தசைப் பிடிப்புக்கும் என்று, பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் பாவித்தார். 1883 இல் எழுதிய நூலில், பெண்களுக்கு இதனால் சிகிச்சை செய்வதைத் தான் தவிர்த்து வந்ததாகவும் இனியும் தவிர்க்கப் போவதாகவும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதரின் தலையில்தான் முழுக் கதையையும் கட்டியிருக்கிறார்கள்.

பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சாரம் வீடுகளுக்குள் வந்தது. தலையிடி, மலச்சிக்கல், முகச்சுருக்கம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று வைபிரேற்றர்களை அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து விற்றார்கள். சியர்ஸ் கம்பனியின் 1918ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் ஒரு வீட்டு மோட்டார் இருக்கிறது. அதே மோட்டாரில் மா அடிக்கலாம், மின்விசிறியும் ஓட்டலாம், வைபிரேற்றரையும் பூட்டலாம். என்னத்துக்கு என்று ஒருவரும் எழுதவில்லை, வாங்கியவர்களில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது. 1968 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஹிட்டாச்சியின் மந்திரக்கோல் என்ற கருவியும் முதுகு பிடிக்கும் மசாஜர் என்றுதான் வந்தது. 1970களில் நியூயோர்க்கில் பெற்றி டொட்சன் என்ற பாலியல் கல்வியாளர் பெண்களுக்கு நடத்திய வகுப்புகளில் அது உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பது வாய்விட்டுச் சொல்லப்பட்டது. கம்பனி அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை, 2013 இல் தன் பெயரைக் கருவியிலிருந்து எடுத்தே விட்டது.

‘எங்கள் பண்பாட்டில் இல்லாதது’ என்பவர்களுக்கு ஒரு வரி. வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தின் ஏழாம் பகுதியில் பொன், வெள்ளி, செம்பு, தந்தம், கொம்பு ஆகியவற்றால் செய்த செயற்கை உறுப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜேர்மனியில் ஹோலே ஃபெல்ஸ் என்ற குகையில் எடுத்த, 28,000 வருசம் பழைய, ஆணுறுப்பு வடிவில் வழவழப்பாகத் தேய்த்த கல்லும் இருக்கிறது. இது மனிதர்களிடம் எப்போதும் இருந்த விசயம்.

பெயரை ஒளித்ததன் விலையைப் பாவித்தவர்களின் உடம்பு கொடுத்தது. ‘வேடிக்கைப் பொருள்’, ‘முதுகு மசாஜர்’ என்று பெட்டியில் போட்டால், உடம்புக்குள் போகிற பொருளாக அதை யாரும் பரிசோதிக்க வேண்டியதில்லை. பிளாஸ்ரிக்கை மென்மையாக்கப் போடுகிற தலேற்று இரசாயனங்களைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் 0.1 வீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் சட்டம் வைத்தது. அடுத்த வருசமே நெதர்லாந்தில் கிறீன்பீஸ் அமைப்பு எட்டுப் பாலியல் கருவிகளைச் சோதித்தபோது ஏழில் அதே இரசாயனம் இருந்தது. குழந்தை வாயில் வைக்கக்கூடாததை, பெண்ணின் மெல்லிய சவ்வுக்குள் வைக்க விட்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் வந்து சேர்வதில் கணிசமானவை அப்படி மென்மையாக்கிய பிளாஸ்ரிக்கால் செய்த மலிவு ‘ஜெலி’ வகைதான். எப்படித் தெரியும்? தொட்டால் கொஞ்சம் ஒட்டும். புதுச் செருப்பு, மழைக்கோட்டு மாதிரி மணம் வரும். வெயில் படும் இடத்தில் வைத்தால் எண்ணெய் கசிந்த மாதிரி வியர்க்கும். அப்படியானதை எறிந்துவிடச் சொல்லுங்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கின்றன, எவ்வளவு கழுவினாலும் கிருமி ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தார் 2014 இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், கழுவி 24 மணித்தியாலம் கழிந்த பிறகும் ரப்பர் போன்ற மென்பிளாஸ்ரிக் கருவியில் எச்.பி.வி. வைரசின் அடையாளம் கிடைத்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்குகிற வைரஸ் குடும்பம் அது. சிலிக்கோன் கருவியில் அந்த நேரத்துக்குள் அது இல்லாமல் போயிருந்தது. நல்ல சிலிக்கோன், துருப்பிடிக்காத உருக்கு, கடினமான கண்ணாடி, இவை துவாரமில்லாத பொருள்கள்.

கழுவுவதற்குச் சாதாரண சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போதும். டெற்றோல் ஊற்றி ஊறவைத்துவிட்டு அப்படியே பாவித்த ஒரு தங்கச்சி, புண்பட்டு நடக்க முடியாமல் என்னிடம் வந்தாள். சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தாள், சொல்லிக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. இன்னும் இரண்டு விசயம் எங்கள் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியவை. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் இறப்பர் ஆணுறையைப் பழுதாக்கிவிடும், அதன்மேல் எண்ணெய் பூசக்கூடாது. பின்பக்கம் பட்டதை முன்பக்கம் கொண்டுபோகக்கூடாது, ஒன்றில் கழுவ வேண்டும் அல்லது ஆணுறையை மாற்ற வேண்டும். திரும்பத் திரும்பச் சலக்கடுப்பு என்று வருகிற பெண்களிடம் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று மட்டும் கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

ஆண்கள் உறுப்பில் போடுகிற இறுக்கு வளையம் பற்றி ஒரு வார்த்தை. அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. போட்டபடி நித்திரைகொள்ளக்கூடாது. உலோக வளையம் வேண்டவே வேண்டாம். கழற்ற வராவிட்டால் சவர்க்காரம் போட்டுப் பிடித்திழுத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும். வீங்கிய விரலில் மோதிரம் வெட்டுகிற கருவி அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது, மெல்லிய வளையத்துக்கு அதுவே போதும்.

இவ்வளவையும் படித்துவிட்டு இந்தக் கருவி என்றாலே ஆபத்து என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. 2009 இல் அமெரிக்காவில் 18 முதல் 60 வயது வரையான 2,056 பெண்களிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் வைபிரேற்றர் பாவித்திருந்தார்கள். பாவித்தவர்களில் 71.5 வீதம் பேருக்கு ஒருபோதும் ஒரு பக்கவிளைவும் வரவில்லை. ஒழுங்கான பொருள், ஒழுங்கான பாவனை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. கொஞ்ச நேர விறைப்பு, மரத்துப்போதல் என்பவை தானாகவே மாறிவிடும். கருவுற்ற தாய்மார் மட்டும் இரத்தக் கசிவு இருந்தாலோ, நச்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கானில் சொல்லியிருந்தாலோ உள்ளே எதையும் வைக்கக்கூடாது.

இனி, இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததற்கான முதற் காரணம்.

வன்னியில் ஒரு தம்பியைப் பராமரித்தேன். செல் துண்டு முதுகில் பட்டு, மார்புக்குக் கீழே உணர்வில்லை. காயப்பட்டபோது வயது 24, மணமுடித்து ஏழு மாதம். மனிசி அவரை விட்டுப் போகவில்லை. கோழி வளர்த்து, தையல் தைத்து, இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி அவரைப் பிரட்டிப் படுக்கவைத்து, ஒரு படுக்கைப் புண் வரவிடாமல் பார்த்த பிள்ளை. ஒருநாள் முருங்கையிலை உருவிக்கொண்டு, முகத்தை நிமித்தாமலே கேட்டாள்: “அக்கா, எங்களுக்கு ஒரு பிள்ளை கிடைக்க வழி ஒண்டுமில்லையோ?”

வழி இருந்தது. எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாது என்று நேராகச் சொல்லாமல் “கடவுள் விட்ட வழி” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் தாங்களாகவே எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார்கள், அதிர்வு கொடுத்தால் விந்து வரும் என்று. சந்தையில் தோள் பிடிக்கிற மசாஜ் மெஷின் ஒன்றை வாங்கினார்கள். இரவு எட்டு மணிக்கு அந்தப் பிள்ளை சைக்கிளில் ஓடி வந்தாள், இவருக்குத் தலை வெடிக்கிறது என்கிறார் என்று. போய்ப் பார்த்தால் முகம் சிவந்து, நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை ஊற்றுகிறது, மார்புக்குக் கீழே தோல் குளிர்ந்து வெளிறிக் கிடக்கிறது. பிரசர் 210. தலையணை போட்டு நிமித்தி இருத்தி, இடுப்புப் பட்டியைத் தளர்த்தி, மடங்கிக் கிடந்த சலக்குழாயை நேராக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அன்றைக்கு இறங்காமல் விட்டிருந்தால் மூளையில் இரத்தம் கசிந்திருக்கும். மெஷின் பட்ட இடத்தில் தோல் உரிந்து இரத்தம், அது அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் புண் ஆற ஆறு கிழமை எடுத்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். இது முழுக்க முழுக்க மருத்துவம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஆண்களுக்கு அதிர்வு மூலம் விந்து எடுக்கும் முறையைப் பற்றி இங்கிலாந்தின் ஜைல்ஸ் பிறின்ட்லி என்ற ஆய்வாளர் 1981 இலேயே எழுதியிருக்கிறார். டென்மார்க் ஆய்வாளர்கள் 1994 இல், அதிர்வின் அசைவு 1 மில்லிமீற்றர் இருந்தால் பலருக்குப் பலன் இல்லை, 2.5 மில்லிமீற்றர், செக்கனுக்கு 100 தடவை என்று வைத்தால் பெரும்பாலானோருக்கு விந்து வருகிறது என்று காட்டினார்கள். அதற்கென்றே கருவியும் செய்யப்பட்டது. மார்புப் பகுதியின் 10ஆவது முள்ளெலும்புக்கு மேலே அடிபட்டு, அதற்குக் கீழேயுள்ள நரம்பு வளையம் பழுதாகாமல் இருப்பவர்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். எடுத்த விந்தை மனைவியின் உடம்பில் சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் அந்தப் பகுதியின் 6ஆவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவருக்கு அதே அதிர்வு பிரசரைத் திடீரென்று ஏற்றிவிடும். அதனால் முதல் தடவை வைத்தியசாலையில், பிரசர் பார்த்துக்கொண்டு, தேவையானவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் முடிந்த பிறகு தோலைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

போர் முடிந்தபோது வடக்கில் எத்தனை இளைஞர்கள் இப்படிச் சக்கர நாற்காலிக்குப் போனார்கள் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாற்காலி கொடுத்தோம், நீர்மெத்தை கொடுத்தோம், வாழ்வாதாரம் என்று கோழிக்கூடு கொடுத்தோம். அவர்களும் கணவன்மார், அவர்களுக்கும் ஒரு கட்டில் வாழ்க்கை உண்டு என்பதை எந்தப் படிவத்திலும் நாங்கள் கேட்கவில்லை. நான் வேலைசெய்த இடங்களில் அந்தக் கருவி ஒன்றுகூட இருக்கவில்லை. அந்தத் தம்பதிக்கு இன்றுவரை பிள்ளை இல்லை.

இதே போலத்தான் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்த பெண்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு யோனி சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சில நிமிடங்கள் வழவழப்பான குழாய் வடிவக் கருவியைப் பாவிக்கச் சொல்லிப் பல நாடுகளில் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். புருசனோடு இருப்பதற்கு என்று மட்டும் நினைக்க வேண்டாம். புருசனில்லாத அம்மாவுக்கும் அது வேண்டும், ஏனென்றால் சுருங்கிவிட்டால் பிறகு நோய் திரும்பி வந்திருக்கிறதா என்று வைத்தியர் உள்ளே பார்க்க முடியாது. சலரோகத்தால் விறைப்பு இல்லாமல் போன ஆண்களுக்கு வெற்றிடக் குழாய்க் கருவி இருக்கிறது. ஜோர்ஜியா மாநிலத்து கெடிங்ஸ் ஒஸ்பன் தன்னுடைய குறைக்காகத் தானே செய்து, 1982 இல் அமெரிக்க அரசின் அனுமதியோடு விற்பனைக்கு வந்தது அது. மாத்திரை எடுக்க முடியாத இருதய நோயாளிக்குப் பல நேரம் அதுதான் மிஞ்சுகிற வழி. சலரோகக் கிளினிக்கில் காலைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம். இதைக் கேட்க ஒரு நிமிசம் போதும்.

நான் கேட்பது இவைதான். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2015 இலிருந்து மருத்துவ சாதனங்களையும் கவனிக்கிறது. முள்ளந்தண்டு நோயாளிக்கான அதிர்வுக் கருவியையும், கதிர்வீச்சுக்குப் பிந்திய விரிப்பான்களையும் அந்த வழியில் முறையாகக் கொண்டுவந்து, வடக்கில் ஓரிடத்திலாவது பயிற்சி பெற்ற ஆளோடு வையுங்கள். இப்படி ஒரு நோயாளி வந்தால் திரை இழுத்து, தேவையான ஆட்கள் மட்டும் நின்று, எக்ஸ்ரேயைக் கவருக்குள் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று விடுதிகளுக்கு எழுத்தில் கொடுங்கள். போனில் படம் எடுப்பவர்மேல் நடவடிக்கை எடுங்கள். மருத்துவபீடத்து ஆசிரியர்களிடம், இந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று மாணவருக்குப் பழக்கிவிடும்படி கேட்கிறேன். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் கேட்க வாய் கூசுகிறது என்பதுதான் பல பிள்ளைகளின் பிரச்சினை, அவர்களுடைய மனம் கெட்டதல்ல.

வாய் கூச வேண்டியதில்லை. 1847 இல் இங்கே வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு பிரசவ வைத்தியத்தையும் சத்திர வைத்தியத்தையும் உடற்கூற்றையும் தமிழில் அச்சடித்தார், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். இல்லாத சொல்லை இங்கத்தைய ஆட்களோடு இருந்து உண்டாக்கினார். யோனி, கருப்பை, குதம் என்று அச்சில் போட அந்தக் காலத்தில் அவர்கள் வெட்கப்படவில்லை.

நான் என் பங்குக்கு ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பது. மறுபக்கத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குத் தலையிடியும் வேர்வையும் வந்தால் வீட்டில் இருப்பவர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது. வைத்தியர் ஒருவர் பார்த்துப் பிழை திருத்தித் தந்தால், உங்கள் அனுமதியோடு கிளினிக்குகளில் வைக்கலாம். அச்சுச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். அந்த முருங்கையிலைப் பிள்ளைக்கு முதல் தாளை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், அன்றைக்குச் சொல்லாததையும் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்
யாழ்ப்பாணம்